பச்சைக் காருக்கு நான் தேர்ந்த டயர்கள்

மரகதத்தின் கார் வழுக்கியது தற்செயல் அல்ல. வழுக்க வேண்டும் என்றே அதற்கு டயர் தேர்ந்து கொடுத்தவள் நான்!

எழுதிவிட்டேன். எழுதும்போது கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன், நடுங்கவில்லை. என் கை எப்போதுமே நடுங்குவதில்லை... என்னைப் பற்றி நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

என் பெயர் எஸ்தர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளைத் தாண்டி என் அப்பாவின் டயர் கடை இருக்கிறது. அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து, வெளியே வந்து கடை வைத்தவர். நான் மிஷன் பள்ளியில் படித்து முடித்ததும், லண்டனிலிருந்து தபால் மூலம் மோட்டார் பொறியியல் பாடம் எடுத்தேன். பெண் என்று தெரிந்தால் சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து, முன்னெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்தேன். பட்டயம் வந்தபோது பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' என்று அச்சிட்டிருந்தது. அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்.

"இந்த மிஸ்டர் யாருண்ணே, உங்க மகனா?" என்று லோரிக்காரர்கள் கேட்பார்கள்.

"என் மகதான். சந்தேகம்னா அவகிட்ட ஒரு டயரக் காட்டிப் பாருங்க. உள்ள இருக்கிற நூலக்கூட எண்ணிச் சொல்லுவா" என்பார் அப்பா.

உண்மைதான். ஒரு கார் வந்து நின்றால் என் மனம் தானாகவே வரிசைப்படுத்தும். வண்டியின் எடை, சக்கரத்தின் அளவு, ஓடும் சாலை, பெய்யும் மழை, ஓட்டுபவரின் குணம். இந்த ஐந்தையும் பார்க்காமல் டயர் விற்பவன் வியாபாரி, பார்த்துக் கொடுப்பவன்தான் பொறியாளன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

மரகதத்துக்கும் ஐந்தையும் பார்த்தேன். மற்றவர்களுக்குப் பார்ப்பதைவிடக் கவனமாகவே பார்த்தேன்!

மரகதம் என்னோடு படித்தவள். கிள்ளானில் வீடு. அவள் தந்தை ஆறுமுகம் பிள்ளை சாலை போடும் கான்ட்ராக்டர். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே தார் போட்ட ஒரு நீண்ட பகுதி அவர் எடுத்த வேலை. அந்த வழியாகப் போகும் எவரையும், "எப்படி இருக்கு நம்ம ரோடு?" என்று கேட்காமல் விடமாட்டார்.

அவருடைய மகன் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனபோது தன் காரை வீட்டில் விட்டுப் போனான். பச்சை நிறம். மேலே கூரை இல்லை, இரண்டே இருக்கைகள், கம்பிச் சக்கரங்கள், நீண்ட மூக்கு. துரைமார்களின் பிள்ளைகள் ஓட்டும் வகை. அந்தக் காரைத் தந்தைக்குத் தெரியாமல் வீட்டு முற்றத்திலேயே முன்னும் பின்னும் நகர்த்தி, மரகதம் ஓட்டப் பழகினாள். யாரும் சொல்லித்தரவில்லை!

பிறகு தந்தையிடம் அழுது, சாப்பிடாமல் கிடந்து, அனுமதி வாங்கினாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பெண்கள் பள்ளியில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. ஆண்களோடு இடித்துக்கொண்டு ரயிலில் போக அவள் தந்தை சம்மதிக்கமாட்டார். ஆகவே கார் இருந்தால் வேலை உண்டு. கார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால், மனைவியை இழந்து ஈப்போவில் காத்திருக்கும் தாய்மாமன் சோமு இருக்கிறார்.

இதை நான் யூகிக்கவில்லை. அவளே என்னிடம் சொன்னாள்... கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கால்களை ஆட்டியபடி, சிரித்துக்கொண்டே.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். அவள் எனக்குத் தீங்கு செய்தாளா?

இல்லை. ஒரு நாள் அவள் என்னை அம்பாங் பக்கம், ஈயம் எடுத்துத் தீர்ந்துபோன மணல் திடலுக்கு அழைத்துப் போனாள். அந்தப் பயணம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. கியர் மாறுவதே தெரியவில்லை. எந்தக் குழி எங்கே என்று அவள் பார்த்ததாகவே தெரியவில்லை, ஆனால் எந்தக் குழியிலும் சக்கரம் இறங்கவில்லை. என்ஜினில் எத்தனை சிலிண்டர் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு வால்வும் திறக்கும் நேரம் தெரியும். ஆனால் அந்தக் கார் அவளை நம்பியது!

திடலில் இறங்கி, "நீ ஓட்டிப் பாருடி" என்றாள்.

என் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. டயர் கடை வைத்திருக்கும் அப்பாவே, "பொம்பளப் புள்ள ஓட்டினா ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பாப்பான்" என்று மறுத்துவிட்டிருந்தார். நான் எத்தனை நாள் ஏங்கியிருப்பேன் என்று எண்ணிப்பாருங்கள். உட்கார்ந்தேன். பாடத்தில் படித்த வரிசைப்படி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லியபடி செய்தேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி செய்தேன். மறுபடி நின்றது.

மரகதம் மணலில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உள்ள என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியும் எஸ்தர். அதுக்கு என்ன வேணும்னுதான் தெரியல. உனக்குப் புத்தகம் போதும்டி."

அவ்வளவுதான். வன்மம் இல்லாத வார்த்தை. அடுத்த வாரம் பழைய வகுப்புத் தோழிகள் கூடிய ஒரு தேநீர் விருந்தில், நான் வாய்விட்டுக் கியர் மாற்றியதை அவள் நடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... எல்லோரையும்விடக் கடைசியாக நிறுத்தினேன்.

ஒரு கேலிக்காகவா ஒருத்தியின் வாழ்க்கை? கேலியாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். அது சரியான கணிப்பு. அதை நான் எப்படி மறப்பது!

சில மாதங்கள் கழித்து மழைக்காலத் தொடக்கத்தில் கடைக்கு வந்தாள். பழைய டயர்கள் தேய்ந்து நூல் தெரிந்தது.

"டாக்டரம்மா, என் குதிரைக்கு லாடம் அடிக்கணும்" என்றாள். என்னை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"இவ்வளவு நாள் இதுலயா ஓட்டின? பைத்தியமா உனக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நாளா வண்டி முனகிக்கிட்டே இருந்துச்சு. இத கேளு... அப்பா ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. வர்ற வெள்ளிக்கிழமை அவரே பக்கத்துல உக்காந்து கோலாலம்பூர் வரைக்கும் வராராம். இதுவரைக்கும் என்கூட ஒரு தடவ கூட ஏறினதில்ல. நல்லா ஓட்டினா வண்டி எனக்கே. ஒரு ஆட்டம் ஆடிச்சின்னா சாவி அவரு பெட்டிக்குள்ள, நான் ஈப்போ மாமா வீட்டுக்குள்ள."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடையில் அந்தச் சக்கர அளவுக்கு இரண்டு வகை இருந்தன. ஒன்று தடித்தது, குறுக்கும் நெடுக்குமாக ஆழமாக வெட்டிய கட்டங்கள் கொண்டது. பார்க்க எருமைக் குளம்பு போல இருக்கும். ஆனால் மழையில் தண்ணீரை ஒதுக்கித் தரையைப் பிடிக்கும். மற்றது பந்தய டயர். துரைமார்கள் நடத்தும் மலையேற்றப் பந்தயத்துக்காக வரவழைத்தது. மெலிந்தது, கெட்டியானது, நீளவாக்கில் ஓடும் சில வரிகளைத் தவிர வேறு வெட்டு இல்லை. காய்ந்த சாலையில் அதற்கு நிகர் கிடையாது. ஈரத் தாரில்...

மரகதத்தின் கண் பந்தய டயர் மேலேயே இருந்தது. "எனக்குப் பிடிச்சது இதுதான். ஆனா எனக்கு என்ன தெரியும்? நீ எதச் சொல்றியோ அது. இதுல உன் பேச்சுதான்."

அந்த ஒரு நொடியை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். அவள் தேர்வை என் கையில் வைத்தாள். தானாகத் தேர்ந்திருந்தால் என் பங்கு குறைந்திருக்கும். அதற்கும் அவள் இடம் தரவில்லை!

"உன் கைக்கு இதுதான் தகும்" என்றேன், பந்தய டயரைத் தட்டி.

அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! நான் அவளைப் பாராட்டியது அதுவே முதல் முறை.

டயரோடு நின்றிருந்தால்கூட நான் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது. நான் பொறியாளர். ஒரு காரணத்தை மட்டும் நம்பமாட்டேன்.

எங்கள் பக்கத்து வாடிக்கையாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தமிழரோ சீனரோ, புது டயர் பளபளவென்று மின்னாவிட்டால் வாங்கமாட்டார்கள். பழையதைத் தலையில் கட்டுகிறாயா என்று சண்டைக்கு வருவார்கள். ஆகவே எங்கள் கடையில் டயர் முழுவதும் கறுப்புப் பூச்சு அடிப்போம். காய்ந்தால் காலில் மாட்டும் புதுச் சப்பாத்து போல மின்னும். ஆனால் அந்தப் பூச்சு ஈரத்தில் வழுக்கும். அதனால் காரில் மாட்டுவதற்கு முன், தரையைத் தொடும் பகுதியை மணலும் கம்பி பிரஷும் கொண்டு தேய்த்துவிடுவோம், முக்கியமாக இரு ஓரங்களையும். பக்கவாட்டில் மட்டும் மினுமினுப்பு நிற்கும். இது என் பொறுப்பு. தேய்த்தாயிற்றா என்று பார்த்துத் தலையசைப்பது நான்.

மரகதத்தின் டயர்களுக்கு நானே பூச்சு அடித்தேன். காய்ந்ததும் மறுபடியும் ஒரு முறை அடித்தேன். கடைப் பையன்களைத் தேய்க்கச் சொல்லவில்லை.

காற்றையும் அளவுக்கு மேல் இறுக்கமாக அடிக்கச் சொன்னேன். இது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். காற்று இறுகிய டயர் நேர்ச் சாலையில் ஓடும்போது அதன் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். அங்கே பூச்சு சீக்கிரமே தேய்ந்துபோகும். ஓட்டுபவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்புவார். ஓரங்களில் மட்டும் பூச்சு அப்படியே காத்திருக்கும். வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போதுதான் ஓரங்கள் தரையைத் தொடும்.

அவளைக் கொல்ல நினைத்தேனா? இல்லை! நான் அளந்துதான் செய்தேன். அதுதான் இன்னும் கொடுமை. வெள்ளிக்கிழமை காலையில் ராகுகாலம் என்று ஆறுமுகம் பிள்ளை புறப்படமாட்டார், சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில்தான் கிளம்புவார். அந்த மாதத்தில் பிற்பகல் என்றால் மழை. தான் போட்ட சாலை வந்ததும் பெருமையில் வேகம் கேட்பார். அந்தப் பகுதியில் கூர்மையான வளைவு ஒன்றே ஒன்று. அதன் ஓரத்தில் ஆழமில்லாத பள்ளம், சேறு, அதற்கப்பால்தான் ரப்பர் மரங்கள். உயிர் போகாது. கார் ஒரு ஆட்டம் ஆடும், பிள்ளையின் தலைப்பாகை கழன்று விழும், சாவி பெட்டிக்குள் போகும்... இப்படித்தான் வரிசையாக எண்ணினேன், ஜெபக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு.

வெள்ளிக்கிழமை வந்தது. மழையும் வந்தது.

வழியில் எங்கள் கடைக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போவதாக மரகதம் சொல்லியிருந்தாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். யாரும் வரவில்லை. மழை விட்ட பிறகு கிள்ளானிலிருந்து வந்த லோரிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"அண்ணே, சங்கதி தெரியுமா? பச்சக் காரு ஒண்ணு பள்ளத்துல படுத்துக் கெடக்கு. கான்ட்ராக்டர் பட்டு வேட்டியெல்லாம் சேறு. தோட்டத்து ஆளுங்க ரெண்டு பேரு காலப் பிடிச்சு, ரெண்டு பேரு கையப் பிடிச்சுத் தூக்கி வெச்சாங்க. பொம்பள ஓட்டினா இப்படித்தான் லா!"

அப்பா பதறி எழுந்தார். "உயிருக்கு ஒண்ணுமில்லையே?"

நான் கேட்டது வேறு. "எந்த வளைவு?"

என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்பது அல்ல! லோரிக்காரர் வளைவைச் சொன்னார். என் கணக்கு சரியாக இருந்தது. உள்ளே எங்கேயோ ஒரு திருப்தி... அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிள்ளைக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. மரகதத்துக்கு நெற்றியில் கீறல் மட்டும். சில நாட்கள் கழித்து அவர் ஆள் அனுப்பினார். டயர் விற்ற கடைக்காரர் வந்து பார்த்து, யார்மேல் தப்பு என்று சொல்ல வேண்டுமாம். அப்பா என்னை அழைத்துக்கொண்டு போனார்.

கூடத்தில் பிள்ளை கையைத் தூக்குத்துணியில் போட்டபடி சாய்ந்திருந்தார். செய்தி கேட்டதும் ரயிலேறி வந்துவிட்ட ஈப்போ மாமா சோமு, பக்கத்து நாற்காலியில் இருந்தார். மரகதத்தின் அம்மா, "நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சேனே, ஒண்ணு நசுங்காம உருண்டு ஓடிருச்சே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பழத்துல என்னக்கா இருக்கு" என்றார் சோமு. அவர் ஒருவர்தான் அங்கே கொஞ்சம் இரக்கமாகப் பேசினார்.

கூடத்தில் காபி கொடுத்து அப்பாவை உட்காரவைத்தார்கள். நானும் மரகதமும் வீட்டின் பின்புறக் கொட்டகைக்குப் போனோம். காரின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. டயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பாத்தா கண்டுபிடிச்சிருவ. ஏதோ ஒண்ணு நடந்துச்சு எஸ்தர். நேரா போறப்ப ஒண்ணுமே இல்ல. அப்பாதான் 'மிதி, என் ரோடு தாங்கும்'னாரு. மிதிச்சேன். வளைவுல திருப்பினேன், வண்டி கேக்கல. நான் நெனச்சாலே திரும்புற வண்டிடி அது! அடியில யாரோ எண்ணெய் தடவி வெச்ச மாதிரி போயிருச்சு."

கேட்டீர்களா? நான் செய்ததை ஒரு சொல் பிசகாமல் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்... என்னிடமே உதவி கேட்டபடி!

"கொஞ்சம் தண்ணி கொண்டு வா. சேத்தக் கழுவிட்டுத்தான் பாக்கணும்" என்றேன்.

அவள் கிணற்றுப் பக்கம் போனதும், கொட்டகையில் இருந்த பெட்ரோல் டின்னில் துணியை நனைத்தேன். நான்கு டயர்களின் ஓரங்களையும் துடைத்தேன். அங்கே பூச்சு அப்படியே இருந்தது. துணி கறுத்தது. அதைச் சுருட்டிப் பழைய சாக்குகளுக்குள் செருகினேன். பிறகு ஒவ்வொரு டயரிலும் அதிகப்படிக் காற்றை வெளியேற்றினேன்.

வாளியோடு திரும்பியவள் சத்தத்தைக் கேட்டுவிட்டாள். "என்னடி அது?"

"காத்து சரியா இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"இருக்கு."

அவள் வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளை கேட்டார்: "சொல்லும்மா. படிச்ச பொண்ணு நீ. எங்க தப்பு?"

நான் விரல் மடக்கிச் சொன்னேன். ஆம், விரல் மடக்கி! "டயர்ல குறை இல்லைங்க ஐயா. கிழியல, வெடிக்கல. காத்து அளவா இருக்கு. அடுத்தது ரோடு..."

"ரோட்டப் பத்திப் பேசாத. அது நான் போட்டது."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. என் அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார்.

"ரோடும் நல்ல ரோடுதாங்க" என்றேன்.

நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றே இடங்களில்தான் தப்பு இருக்க முடியும். சாலை அவள் அப்பாவுடையது. டயர் என் அப்பாவுடையது. இரண்டு தந்தையரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். மிச்சம் இருந்தவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் நான் சொல்லாமலே எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தாலும் போதும்!

நான் மூடிக்கொள்ளவில்லை.

"வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைக்கணும். மரகதத்துக்குத் துணிச்சல் அதிகம், நிதானம் போதாது. முன்னாடி ஒரு தடவ நானே கூடப் போயிருக்கேன், அப்பவே நெனச்சேன். கை சரியில்லைங்க ஐயா."

கை சரியில்லை... நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த கை அது. அதைப் பற்றித்தான் சொன்னேன்!

வேகமாக ஓட்டச் சொன்னது தான்தான் என்று பிள்ளை சொல்லவில்லை. மரகதமும் நாலு பேர் முன்னால் தந்தையைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் என்னை மட்டும் பார்த்தாள்.

"நான் அப்படியா ஓட்டினேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். வாதாடும் குரல் அல்ல. தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று ஆசிரியையிடம் கேட்கும் குரல்.

"ஆமா" என்றேன்.

தலையசைத்தாள். என் கண் முன்னால் அவள் அதை நம்பத் தொடங்கினாள்.

பிள்ளை என் அப்பாவிடம், "நல்லா வளத்திருக்கீங்க. சிநேகிதின்னு பாக்காம நடுநிலையா சொல்லுது பாருங்க" என்றார். திரும்பும் வழியெல்லாம் அப்பா அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

பள்ளி வேலை போயிற்று. தை பிறந்ததும் ஈப்போ மாமாவோடு கல்யாணம். மணமேடையில் மரகதம் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். நான் ஒரு வெள்ளி விளக்கு பரிசளித்தேன்.

அபசகுனம் பிடித்த கார் வீட்டில் வேண்டாம் என்று பிள்ளை அதை எங்கள் கடைக்கே தள்ளிவிட்டார். நான் அதைப் பழுதுபார்த்தேன். கட்டம் வெட்டிய தடித்த டயர்களை மாட்டினேன். கிள்ளான் கான்ட்ராக்டரே புகழ்ந்த மகளுக்கு இனி எதையும் மறுக்க அப்பாவால் முடியவில்லை. ஓட்டப் பழகிக்கொள்ளச் சம்மதித்தார். லைசென்ஸும் வாங்கிவிட்டேன்.

ஓட்டுகிறேன். எல்லாம் விதிப்படி செய்கிறேன். இப்போது கார் நின்றுபோவதில்லை. ஆனால் கியர் மாறுவது தெரிகிறது... ஒவ்வொரு முறையும் தெரிகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் எழுதாமலே இருந்திருப்பேன்.

சென்ற மாதம் ஒரு பெரிய மூடிய கார் கடை முன் நின்றது. சோமு இறங்கினார். பின்னிருக்கையிலிருந்து மரகதம் இறங்கினாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. "என்ன டாக்டரம்மா?" என்று கையைப் பிடித்தாள். அதே சிரிப்பு. ஆனால் தெருவில் ஒரு லோரி ஹாரன் அடித்தபோது என் கையை இறுக்கிவிட்டாள்.

சோமு நல்ல மனிதர். நான் அவரைப் பற்றி நினைத்திருந்ததைவிட மிக நல்லவர். காருக்கு டயர் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, இவளுக்கு ஓட்டத் தெரியுமில்ல? நான் டிரைவருக்குச் சம்பளம் குடுத்துக்கிட்டு இருக்கேன். நீயே ஓட்டு, ஈப்போ ஊரே பாக்கட்டும்னு சொல்றேன். மாட்டேங்கிறா. முன்னாடி சீட்ல உக்காரவே பயப்படுறா."

"எனக்குத்தான் கை சரியில்லையே" என்றாள் மரகதம். சுலபமாகச் சொன்னாள், தன் உயரத்தைச் சொல்வது போல.

"அட, எப்பவோ நடந்தது! நீங்க சொன்னாக் கேப்பா தங்கச்சி. ஓட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மரகதம் என்னைப் பார்த்தாள். முதலில் வெட்கம் போல இருந்தது. பிறகு அதன் அடியில் வேறொன்று தெரிந்தது. மணல் திடலில், ஸ்டியரிங்கில் கை வைக்கும் முன் அவள் முகத்தில் நான் பார்த்த அதே பசி!

"என்னடி, ஓட்டலாமா?" என்றாள் தணிந்த குரலில்.

ஒரு வார்த்தை. காசு செலவில்லை, மானக்கேடில்லை, பழைய கதையைக் கிளற வேண்டியதுகூட இல்லை. "ஓட்டு" என்றால் போதும். அவள் அன்றைக்கே ஈப்போ வரை ஓட்டிப் போயிருப்பாள்.

"பழக்கம் விட்டுப்போச்சு. எதுக்கு வம்பு மரகதம்? பின்னால நிம்மதியா உக்காந்து போ" என்றேன்.

அவள் முகத்தில் அந்தப் பசி அணைந்தது. உடனே கணவரிடம் திரும்பி, "நான் சொன்னேன் பாத்தீங்களா? இவ தெரிஞ்சு சொல்றவ" என்றாள். என்மேல் அவளுக்குப் பெருமை!

அவர்களுடைய காருக்கு மிக நல்ல டயர்களைத் தேர்ந்தேன். ஓரங்களை நானே தேய்த்தேன். காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று டிரைவரை இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டேன். அவள் பின்னிருக்கையில் ஏறிக் கையசைத்தாள்.

இன்னமும் பொறாமையா என்று கேட்பீர்கள். இல்லை... பொறாமை தீர்ந்து வெகுநாள் ஆகிறது. இது பயம். அவள் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தால், முதல் வளைவிலேயே அந்தக் கைக்கு விளங்கிவிடும். தன்னிடம் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொள்வாள். குறை தன்னிடம் இல்லையென்றால் பிறகு யாரிடம்? அதை அவள் எண்ணிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

ஆகவே அவள் ஓட்டக் கூடாது. சோமு மறுபடி கேட்பார். நல்லவர், விடமாட்டார். அவளும் மறுபடி என்னிடம்தான் வந்து நிற்பாள்...

நான் மறுபடியும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.